கேட்டதற்கு மட்டும் பதில்

அவள் பொய் பேசமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பொய்க்காரியாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. பொய் பேசுகிறவர்கள் எத்தனையோ பேரை ஆவடிப் பக்கத்து இந்தக் கோவில்பதாகை ஊரில் பார்த்தாயிற்று. மனை விற்க வருகிறவன் பேசுவான், ஓட்டுக் கேட்க வருகிறவன் பேசுவான், பெண் பார்க்க வருகிறவர்கள் பேசுவார்கள். கேட்கும்போதே தெரிந்துவிடும். தலையை ஆட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

இவள் வேறு விதம். கேட்டால் உண்மையைச் சொல்வாள். கேட்காவிட்டால் எதையும் சொல்லமாட்டாள்.

கோழி டாக்டரம்மா என்று எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர். ஊசி போட்டுக் காசு வாங்கும் டாக்டர் இல்லை. மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேலும் ஏதோ ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கல்லூரியிலேயே இருந்தவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா குத்தியிருக்கும். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். அதற்கப்புறம்தான் “அம்மா” என்று ஒரு குரல். நாற்காலி போட்டால் உட்காரமாட்டாள். கோழிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள் என்றால் வெயில் நகர்ந்து மேலே விழும் வரைக்கும் அப்படியே இருப்பாள். கிட்டே போனால் ஓமத்தைலம் வாசம் அடிக்கும், பிள்ளை பெற்ற வீட்டில் அடிக்குமே, அந்த மாதிரி.

ஏதாவது கேட்டால் உடனே வாயைத் திறக்கமாட்டாள். தரையைப் பார்ப்பாள். கேட்ட கேள்வியை உள்ளே வைத்து ஒரு தரம் நிறுத்துப் பார்க்கிறவள் போல இருக்கும். அப்புறம் பதில் வரும். அதில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது.

முதல் நாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மரியாதைக்குத்தான் கேட்டேன். “டீ எப்டி கீது கண்ணு?”

தரையைப் பார்த்தாள். “சர்க்கரை ஜாஸ்திம்மா.”

என் வீட்டு டீயைக் குறை சொன்னவர்கள் அதுவரைக்கும் யாரும் இல்லை. கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. மறுநாள் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். நானும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மும்தாஜ் ஒரு வெள்ளாடு வைத்திருந்தாள். அவள் புருஷனுக்குப் பூந்தமல்லியில் தையல் கடை. ஆடு சினை என்று மும்தாஜ் தெருவெல்லாம் சொல்லி, பிறக்கப்போகும் குட்டிக்கு இரண்டு வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள். டாக்டரம்மாவைப் பார்த்ததும் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“டாக்டரம்மா, ஒத்த குட்டியா ரெட்டையான்னு கொஞ்சம் தொட்டுப் பாரேன்.”

தொட்டுப் பார்த்தாள். “சினை இல்லைங்க.”

“இன்னாது? வவுறு இம்மாம் பெருசா கீதே!”

“தீனி அதிகமாயிடுச்சு. வாயு.”

தெருவே சிரித்தது. மும்தாஜ் ஆட்டுக்கு முதுகில் ஒரு அறை கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள். “யக்கா, இந்த அம்மாவ மட்டும் யார் ஊட்டு நிச்சயதார்த்தத்துக்கும் இட்டுகினு போயிடாதே. பொண்ணு எப்டி கீதுன்னு மாப்ள ஊட்டுக்காரன் கேட்டான்னு வெச்சுக்கோ, அத்தோட பந்தலப் பிரிச்சுட வேண்டியதுதான்.”

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று இருந்தது. ஆனால் அவளுடைய மறுபக்கத்தையும் அந்த நாட்களிலேயே பார்த்தேன். பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் மகன் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவன். ஒருநாள் காலையில் அவன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அரை மணி கழித்து அவன் போன் பண்ணுகிறான். நெமிலிச்சேரி தாண்டி, பின் டயரில் காற்று சுத்தமாக இல்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று.

“போம்போதே டயரு தட்டையா இருந்துச்சா கண்ணு, நீ பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேம்மா.”

“அடிப் பாவி, சொல்றதுக்கு இன்னா?”

“அவர் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையேம்மா.”

திமிராகச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. படித்த பெண்கள் தெரியாத ஆண்பிள்ளையிடம் தானாகப் பேசமாட்டார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை என் மகனுக்கும் சொல்லிவைத்தேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும்.

என்னிடம் செவத்தா என்று ஒரு பெட்டை இருந்தது. செம்மண் நிறம், கழுத்தில் கொஞ்சம் கறுப்பு. ஊரடங்குக்கு முந்தின வெயில் காலத்தில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்து, எங்கள் தெரு, பின் தெரு, முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் ஒரு கூண்டு மிச்சமில்லாமல் காலியானது. என் கூண்டிலும் எல்லாம் போயிற்று, செவத்தா தவிர. மூன்று நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தது. நாலாம் நாள் எழுந்து வந்து தண்ணீர் குடித்தது. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அந்த உடம்பின் வழி, அதன் வம்சம், என் வாசலில் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். ஆனால் அடை வைக்கும் ஒவ்வொரு தடவையும் குஞ்சுகளைக் கீரி கொண்டுபோகும், மிச்சத்தைப் பருந்து கொண்டுபோகும். ஒன்றுகூடப் பெட்டையாகித் தங்கவில்லை. செவத்தாவுக்கும் வயதாகிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் இவள் மருந்தே படாத நாட்டுக்கோழி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். செவத்தா கடைசியாக அடை படுத்துக் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் இறகு முளைத்துக் கூழை வாலோடு ஓடிக்கொண்டிருந்தன. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். என்ன வேலையாக வந்திருக்கிறாய் என்று கேட்டேன். சொன்னாள்.

“ஓமத்திலருந்து எடுக்கிற தைலத்தைத் தீவனத்துல கலந்து கொடுக்கணும்மா. பாதிக் கோழிக்குத் தைலம் உண்டு, பாதிக்குக் கிடையாது. தைலம் தின்ன கோழி உடம்புல எந்த ஜீன் வேலை செய்யுது, எது அடங்குதுன்னு பாக்கணும்.”

“ஜீன்னா இன்னா?”

“தாய்கிட்டருந்து குஞ்சுக்கு வர்ற குறிப்பும்மா. இறகு செவப்பா கறுப்பா, கொண்டை எப்படி, நோவைத் தாங்குமா தாங்காதா, எல்லாம் அதுலதான் இருக்கு.”

“அப்ப தைலம் துன்னா செவத்தா புள்ளைங்க மாறிப்பூடுமா?”

“மாறாதும்மா. குறிப்பு அப்படியேதான் இருக்கும். எது முழிச்சிருக்குங்கிறதுதான் மாறும்.” கையை நீட்டித் தெருவைக் காட்டினாள். “இந்தத் தெருவுல வீடுங்க எப்பவும் அதே வீடுங்கதானே. ஆனா பொழுது சாஞ்சா எந்த வீட்டுல விளக்கு எரியுது, எதுல எரியலைன்னு மாறுமில்ல. அந்த மாதிரி.”

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இது எனக்கு நன்றாக விளங்கியது. இத்தனை அழகாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“அந்த வெளக்கு எங்க எரியுதுன்னு எப்டிப் பாப்பே?” என்றேன்.

“குடல்லயும் ஈரல்லயும் பாக்கணும்மா. அதுக்கு மிஷின் இருக்கு.”

எனக்கும் ஈரல் பார்த்திருக்கிறார்கள். வயிற்று வலி வந்து ஆவடியில் படுக்கவைத்து, வயிற்றில் கொழகொழவென்று எதையோ தடவி, ஒரு பெட்டியை வைத்துத் தேய்த்து, டிவியில் பார்த்து, ஈரல் நன்றாக இருக்கிறது, கல்தான் என்றார்கள். நான் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கோழிக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். பின்னே எப்படி நினைப்பேன்?

மூன்று மாதம் என் வாசலிலேயே வளரட்டும், அதற்கப்புறம் கல்லூரிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாள். விலை என்ன என்று கேட்டாள். நான் கோழி விற்கிறவள் இல்லை என்றேன். அப்போது மும்தாஜும் கூட இருந்தாள்.

எங்கள் பக்கம் ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விடுவது வழக்கம், அதாவது பங்குக்கு வளர்க்கக் கொடுப்பது. பெட்டை கொடுத்தவளுடையது. வாங்கினவள் தீனி போட்டுக் காப்பாற்றுவாள். பிறக்கிறதில் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. இதற்கு எழுத்து கிடையாது. எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்பதும் கிடையாது. கேட்டால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வளர்க்கக் கொடுத்த பெட்டை செத்துப்போனால், வாங்கினவள் அன்றைக்கே இறகைக் கொண்டுவந்து காட்டிச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லாதவளை நம்பி அதற்கப்புறம் ஊரில் ஒருத்தியும் ஒரு முட்டைகூடக் கொடுக்கமாட்டாள்.

“ஒங்க ஊர்ல இந்தப் பழக்கம் உண்டா கண்ணு?” என்று கேட்டேன். அவளுக்குத் தருமபுரிப் பக்கம்.

“உண்டும்மா. எங்கம்மா பக்கத்து வீட்டு ஆட்டை வாரத்துக்குத்தான் வளக்கிறாங்க.”

“அப்ப சரி. இதுங்களும் ஒனக்கு வாரம். பெட்டைங்க என்னுது. அங்க காலேஜுல முட்ட வெச்சுப் பொரிச்சா, பாதிக் குஞ்ச நீ எடுத்துக்கோ.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. டீ டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னேன். கேட்கவில்லை. சொன்னதற்கெல்லாம் பதில் சொல்கிறவள் இல்லை அவள்.

வாசலில் வலை கட்டி நடுவில் தடுத்தாள். கீரி நுழையாதபடி அடியில் செங்கல் புதைத்தாள். தைலத்தைக் கடலெண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஒரு பக்கத்துத் தீவனத்தில் பிசைந்து வைப்பாள். மறுபக்கத்துக்கு வெறும் கடலெண்ணெய். அவள் வராத நாட்களில் நான்தான் பிசைந்து வைப்பேன். பக்கம் மாறிவிடக் கூடாது என்பாள். ஒருநாளும் மாறவில்லை. முதலில் தைலம் கலந்த தீவனத்தை மூக்கால் தள்ளிவிட்டுத் தலையை உதறின. பிறகு பழகிவிட்டன. நாளாக ஆக அந்தப் பக்கத்துக் கோழிகளின் இறகில் ஒரு மினுமினுப்பு வந்தது, எச்சம் கெட்டியாக விழுந்தது. எல்லாம் பிழைத்து நின்றன. செவத்தாவின் வழியில் முதல் முதலாகப் பெட்டைகள் பெட்டைகளாக நின்றதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் செவத்தா முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. அதற்காக நான் கவலைப்படவில்லை. அதுதான் இத்தனை மகள்கள் நிற்கிறார்களே.

ஒருநாள் கறுப்பி என்ற குட்டிப் பெட்டை வலையில் மாட்டிக் காலை உடைத்துக்கொண்டது. டாக்டரம்மா பதறிவிட்டாள். ஐஸ் குச்சியை வைத்துத் துணி சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு, வாயில் தண்ணீர் விட்டு, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து கட்டு மாற்றினாள். கறுப்பி ஓடத் தொடங்கிய அன்று அவள் சிரித்ததைப் பார்க்க வேண்டும். நான் அவளை உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். பேசாமல் தலையைக் கொடுத்தாள். கொண்டைப் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லை.

எடுத்துப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் போன் பண்ணினாள். “நாளைக்குக் காலையில தீவனம் வைக்க வேணாம்மா.”

“ஏன் கண்ணு?”

“வயிறு காலியா இருக்கணும்.”

எனக்கும் ஆவடியில் அப்படித்தான் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வா, அப்போதுதான் படம் தெளிவாக விழும் என்று. இருந்த கொஞ்ச யோசனையும் அதோடு போய்விட்டது.

மறுநாள் ஒரு வேனோடு வந்தாள். கூண்டுகள் இருந்தன. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வருகிற கேன் ஒன்றும் இருந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கொண்டுவருவாரே, அதே கேன். வேறு ஊரில் மாட்டுக்கும் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு கோழியாக நானே பிடித்து அவள் கையில் கொடுத்தேன். என் கை பட்டால் ஒன்றும் கத்தாது.

“பத்தரமா கொண்டாந்து உடு கண்ணு,” என்றேன்.

கூண்டின் மேல் துணியை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். வேன் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. நான் போன் பண்ணவும் இல்லை. பண்ணினால் கேட்டதாகிவிடும். வாரத்துக்கு விட்டவள் கேட்கக் கூடாது. மும்தாஜ் தினமும் வாயைக் கிளறுவாள். “இன்னா யக்கா, ஒன் கோழிங்க காலேஜு படிக்கப் போச்சே, பட்டம் வாங்கினு வருதா, இல்ல அங்கியே ஆஸ்டல்ல தங்கிடுச்சா?” நானும் சிரிப்பேன். செவத்தா மட்டும் வலைக்குப் பக்கத்தில் நின்று கொக்கரித்துக்கொண்டே இருந்தது.

கோழிகள் போன பிறகு வந்த அமாவாசைக்கு நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கேட்கப் போகவில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு கூடையில் நொய் எடுத்துக்கொண்டேன். இரண்டு பஸ் மாறி, கல்லூரி வாட்ச்மேனிடம் சொல்லி, வராந்தாவில் உட்கார்ந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் நான் கேட்டேன்.

“என் கோழிங்க எங்க?”

தரையைப் பார்த்தாள். “இல்லம்மா.”

“இல்லன்னா?”

“குடலும் ஈரலும் எடுக்கணும்னா உயிரோட எடுக்க முடியாதும்மா.”

“எப்போ?”

“கொண்டுவந்த அன்னைக்கே. உயிர் போன கையோட எடுத்து உறைய வைக்கலைன்னா, எந்த ஜீன் வேலை செஞ்சுதுங்கிற தடயம் கரைஞ்சு போயிடும்.”

“யாரு?”

“நான்தாம்மா.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“கறுப்பி?”

“கறுப்பியும்தான்.”

“கால ஒடச்சுகினு கெடந்தப்போ மடியில வெச்சுகினு குந்தினியே. அது இன்னாத்துக்கு?”

இதை நிறுத்துப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. “ஒண்ணு குறைஞ்சா ரெண்டு பக்கமும் சமமா இருக்காதும்மா. பாவமாவும் இருந்துச்சு. ரெண்டும்தான்.”

நான் கோழி அறுக்காதவள் இல்லை. மருமகள் வளைகாப்புக்கு என் கையாலேயே அறுத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் கூண்டைத் திறக்கிற வீடு எங்களுடையது. செத்ததற்கு நான் அழவில்லை.

“கறிய யாரு துன்னது? எதுனா புள்ளைங்களாவது துன்னுச்சா?”

“யாரும் சாப்பிடலைம்மா. ஆராய்ச்சிக் கோழியைச் சாப்பிடக் கூடாது. எரிச்சுட்டாங்க.”

“ஒரு எறகாவது கீதா?”

“இல்லம்மா.”

பக்கத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. கத்துகிறவள் இல்லை நான்.

“வாரம்னு நான் சொன்னது ஒன் காதுல உழுந்துதா இல்லியா?”

“விழுந்துது.”

“அதுக்கு அர்த்தம் ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்மா.”

“பின்ன ஏன் சொல்லல?”

கேட்கவில்லையே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பைக் டயருக்குச் சொன்னாளே, அந்த மாதிரி. சொல்லியிருந்தால்கூட, இது இவளுடைய பிறவிக் குணம், என்ன செய்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருப்பேன். அவள் பொய் பேசாதவளாயிற்றே. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டீங்கம்மா.”

அவ்வளவுதான். குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஒரு வசதி. எது கேட்கப்படாது என்று பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். என் டீயைக் குறை சொல்லியே, இவளிடம் மறைவே இல்லை என்று என்னை நம்பவைத்திருக்கிறாள். தலையைக் கொடுத்து எண்ணெய் வைத்துக்கொண்டபோது அவளுக்கு அறுக்கும் நாள்கூடத் தெரிந்திருக்கும்.

எழுந்துகொண்டேன். வந்ததற்கு அதையும் கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். “தைலம் துன்னதுல இன்னா தெரிஞ்சுது?”

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. “குடலைக் காப்பாத்துற ஜீனெல்லாம் தைலம் தின்ன பக்கத்துல நல்லா முழிச்சிருக்கும்மா. இன்னும் ஒண்ணு...” நிறுத்திவிட்டாள்.

“இன்னா இன்னும் ஒண்ணு?”

“மத்த ஊர்லயும் இதே மாதிரி வளத்தோம். தைலமே தின்னாத பக்கத்துலகூட, உங்க கோழிங்க அளவுக்கு வேற எதுவும் இல்லை. அந்த வழி ரொம்ப உசத்திம்மா.”

அந்த வழி இப்போது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது? கூடையில் இருந்த நொய்யை வராந்தா ஓரத்தில் குருவிகளுக்குக் கொட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. “கோழிதானம்மா, விடேன், வேற வாங்கித் தரேன்,” என்றான் மகன். மும்தாஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் பட்டத்தைப் பற்றிக் கேலி பேசவில்லை. ஒரு கிண்ணத்தில் சேமியா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். செவத்தா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தூங்கினபடியே கூண்டில் கிடந்தது. அதோடு முடிந்தது.

பொங்கல் கழித்து ஒருநாள் காலையில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டி வந்து நின்றது. நான் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியின் முன்னால் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டது. ஏதோ கல்லூரிக் குஞ்சுகள். அவள் குழாயடிக்குப் போகவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். “அம்மா” என்றும் கூப்பிடவில்லை.

ஏன் வந்தாய் என்று நான் கேட்டால் சொல்வாள். பெட்டியில் என்ன என்று கேட்டால் சொல்வாள். நான் கேட்கவில்லை. உமியை ஊதித் தள்ளினேன். கல் பொறுக்கினேன். எதிர்வாசலில் மும்தாஜ் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். தொண்டையைச் செருமினாள். கடைசியில் அவளே பேசினாள். தன் வேலைக்கு வேண்டியதைத் தவிர, ஒருவர் கேட்காமல் அவள் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அன்னைக்கு வாரம்னு சொன்னீங்களே, அப்பவே நான் சொல்லியிருக்கணும்மா. சொல்லாம இருந்தது தப்பு. உங்ககிட்ட அதைச் சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்.”

நான் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இத்த ஒன்ன யார்னா கேட்டாங்களா?” என்றேன்.

தரையைப் பார்த்திருப்பாள். அது எனக்குப் பார்க்காமலே தெரியும்.

“இல்லம்மா. யாரும் கேக்கலை,” என்றாள்.

ஸ்கூட்டி சத்தமும் குஞ்சுகளின் கத்தலும் தெருமுனை திரும்பி அடங்கும் வரைக்கும் நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.